பொங்கலுக்கு ஊரா, ஃப்ளாட்டா, அசோசியேஷன் மைதானமா?

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஐப்பசி கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கியதிலிருந்து, நவம்பர் நடுவில் ஒரு காலை எட்டு மணிக்குத்தான் எங்கள் தைப்பொங்கல் எங்கே என்று தெரியவரும். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் ஊர். இல்லையென்றால் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துக்கு நிற்க வேண்டும், அல்லது சென்னையிலேயே பானை வைக்க வேண்டும். ஊர், ஃப்ளாட், குடியிருப்பு அசோசியேஷன் மைதானம் என்று மூன்று வருடத்தில் மூன்று விதமாகவும் கொண்டாடிப் பார்த்தாயிற்று. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. எங்கே பிள்ளைகள் கைக்கு வேலை இருந்தது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோடுகிறேன். சும்மா உட்கார வைத்தால் பத்தாவது நிமிடம் போனைக் கேட்பார்கள்.

போகியில் ஊருக்கே என் ஓட்டு. சென்னையில் விடிகாலையில் ஜன்னலைத் திறக்க முடியாது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை. மகனுக்கு அன்றே இருமல் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் கொளுத்துவது அவ்வளவாகக் கிடையாது. வெள்ளையடிப்பு, ஒட்டடை, அப்புறம் பானையைத் தாங்கும் அடுப்பான பொங்கல் கட்டிக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசுவது. அந்தப் பட்டை அடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அரை நாள் ஓடிவிடும். சட்டை போனது போனதுதான்.

பானை விஷயத்தில் போட்டி கொஞ்சம் நெருக்கம். ஊரில் முற்றத்தில் பனையோலையை எரித்துப் பொங்கல் விடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் ஓலை குப்பென்று பிடிக்கும் என்பதால் ஆச்சி பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். குலவை போடலாம், "பொங்கலோ பொங்கல்" என்று கத்தலாம், அவ்வளவுதான். ஃப்ளாட்டில் நிலைமை தலைகீழ். பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு என்று மகளே அளந்தாள், வெல்லத்தைத் தட்டினாள், பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டினாள். பெரிய பானையில் பால் எப்போது பொங்கும் என்று காத்திருந்தால் சின்னவர்களுக்குப் பொறுமை போய்விடும். சின்ன வெண்கலப் பானையில் கழுத்து வரை பாலும் தண்ணீருமாக ஊற்றினால் சீக்கிரம் பொங்கி வழியும். புது மண்பானையை ஊறப்போடாமல் நேராக கேஸ் அடுப்பில் ஏற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். எங்களுக்கு விட்டது. அடுப்பைத் துடைக்கும் வேலை யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அசோசியேஷன் பொங்கல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பெரிய பானை, ஒலிபெருக்கி, உறியடி, வேட்டி கட்டிய அப்பாக்களின் குரூப் போட்டோ. பொங்கல் பெரும்பாலும் கேட்டரிங்காரர் கொண்டு வந்தது. கோலப்போட்டி மட்டும் நன்றாக இருந்தது, பக்கத்து பிளாக் பிள்ளைகளும் பழக்கமானார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அதிகம் இருக்கும் குடியிருப்பில் இதற்கு ஒரு நியாயமும் உண்டு. முழுப் பண்டிகையாக இதை மட்டும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஊரைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கலுக்கு மாடு தேடிப் போக வேண்டியிருந்தது. மாமா வீட்டுத் தொழுவத்தில் இப்போது டிராக்டர் நிற்கிறது, அதற்குத்தான் மாலை போட்டார்கள். "அறுவடைத் திருநாள்தானே, நெல்லை ஏன் இன்னும் அறுக்கலை?" என்று மகள் கேட்டாள். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற இந்தப் பருவத்து நெல்லை அறுப்பது மாசி, பங்குனிக்குத்தான். தையில் வயல் பச்சையாகவே நிற்கும் என்று தாத்தா வரப்பில் உட்கார்ந்து விளக்கினார். எந்த ஃப்ளாட்டிலும் இந்தப் பாடம் கிடைக்காது. பனங்கிழங்கும் சிறுகிழங்கும் மண் வாசனையோடு வந்து இறங்குவதும் அங்கேதான். ஆனால் 600 கிலோமீட்டருக்கு மேல் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, காணும் பொங்கல் கூட்டத்தோடு திரும்பி, மறுநாளே பள்ளிக்கூடம். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள்.

இந்த மூன்றையும் விட்டு நாலாவதாக ஒன்று இருப்பதை ஆச்சிதான் நினைவுபடுத்தினார்: சிறுவீட்டுப் பொங்கல். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் வைத்து, பூசணிப்பூ செருகி, அதையே பூவோடு எருவாக, அதாவது வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் பிள்ளைகளுக்கென்று மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்கல். பிறகு அந்த எருக்களை ஆற்றில் விடுவது. இதில் பெரியவர்கள்தான் எடுபிடி. நாள் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் தெருவில் தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறுக்கு ரயிலில் தாராளமாக இடம் இருந்தது, ஆம்னி பேருந்துக் கட்டணமும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

அதனால் இந்த வருடம் தைப்பொங்கல் ஃப்ளாட்டில், சின்னப் பானையில். சிறுவீட்டுப் பொங்கலுக்கு ஊர். மார்கழி முதல் தேதியே ஆச்சி போன் செய்துவிட்டார்: "ரெண்டு பேருக்கும் சேத்து எரு தட்டிக்கிட்டு இருக்கேன். வீடு கட்டுத மண்ண மட்டும் அவங்களே வந்து குழைக்கட்டும்."