ஜான்சனா, ஆர்டனா? தூரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

ஆந்திரத்தின் சூலூர்பேட்டை, தடா பக்கம் புதிதாகப் பந்தயப் புறா வளர்க்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஜான்சன் வம்சப் புறாவா, ஆர்டன் வம்சப் புறாவா என்பதுதான். ஜான்சன் பெல்ஜியத்தின் ஆரெண்டோங்க் ஊர்ச் சகோதரர்களின் வம்சம். ஆர்டன், நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கன் ஊர்க்காரர் யான் ஆர்டன் உருவாக்கியது.

தூரம்
ஜான்சன்: சூலூர்பேட்டைக்கு வான்வழியில் சுமார் 80 கி.மீ. தள்ளியிருக்கும் நெல்லூர், 200 கி.மீ. ஓங்கோல். அங்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் வீடு திரும்பும். விஜயவாடா வரைகூட நம்பலாம்.
ஆர்டன்: நாக்பூர். 800 கி.மீ.க்கு மேல். பெரும்பாலும் ஒரே பகலில் முடியாது. இரவு எங்கோ தங்கி, மறுநாள் பசியோடு மீண்டும் வீட்டைத் தேடிப் பறக்கும் மனஉறுதி இந்த ரத்தத்தில்தான் அதிகம். மறுநாள் காலை வானத்தில் ஒரு புள்ளி தெரியும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அதற்காகவே இதை வளர்க்கலாம்.

முதிர்ச்சி
ஜான்சன்: முதல் வருடமே பந்தயத்துக்குத் தயார்.
ஆர்டன்: இரண்டு வயதாவது ஆகட்டும். அவசரப்பட்டு இளம் புறாவைத் தூரத்துக்கு அனுப்பி நல்ல ஜோடியில் ஒன்றை இழந்திருக்கிறேன். இன்னும் வலிக்கிறது.

தீனி
ஜான்சன்: வயிறு லேசாக இருக்க வேண்டும்.
ஆர்டன்: பந்தயத்துக்குக் கூடையில் ஏற்றுவதற்குச் சில நாள் முன்பிருந்து மக்காச்சோளமும் நிலக்கடலையும் கூட்டுங்கள். கொழுப்புதான் அதற்கு எரிபொருள்.

விலை? அது வம்சப் பெயரைவிடத் தாய் தகப்பன் பறந்த தூரத்தைப் பொறுத்தது. அதை விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

புறா மாடம் சிறியது, இந்தப் பருவமே பறக்கவிட ஆசை என்றால் ஜான்சன். இரண்டு வருடம் காத்திருக்க முடியும், கனவு நாக்பூர் என்றால் ஆர்டன். ஓங்கோலுக்கும் நாக்பூருக்கும் நடுவில் தடுமாறுபவர்கள் ஆர்டன் பெட்டைக்கு ஜான்சன் சேவலைச் சேர்த்துப் பார்க்கலாம்.