கிணற்றுத் தண்ணீரை 'இலவசமாக டெஸ்ட்' பண்ண வருகிறவர்களிடம் உஷார்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில், வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீடாகப் பார்த்து ஒரு கூட்டம் ஏறி இறங்குகிறது. கழுத்தில் அட்டை, கையில் பெட்டி. தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷினுக்கு என்று எங்கள் ஆத்தாவிடம் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள்.

முகப்பில் உட்கார்ந்து ரெண்டு டம்ளரை வைத்தார்களாம். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை ரெண்டிலும் இறக்கி கரண்ட் கொடுத்ததும், கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகத் திரண்டு சாக்கடையாகிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவு. "இதையா ஆச்சி பேரப்பிள்ளைகளுக்குக் குடுக்குறீங்க?" ஆத்தா ஆடிப்போய்விட்டார்கள்.

அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கே இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் அந்த இரும்புதான் கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, அதனால் ஒன்றும் ஆகாது. பாக்கி வாங்க வந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். அவர்கள் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, கம்பியை இறக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பானது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியவர்கள்தான், அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வேறு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டியதை விஷம் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கிருமி இருக்கிறதா என்று அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில், எங்கள் கிணற்றில் இருந்தது கோலிஃபார்ம் என்ற கிருமி. பக்கத்தில் புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் மெஷின் விற்க வந்தவர்கள் இதையா சொல்லப்போகிறார்கள்?

சோதிக்க நினைப்பவர்கள் கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். நைட்ரேட், ஃபுளோரைடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கொதிக்கவைப்பதில் பிரயோஜனமில்லை, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். என்ன குறை என்று தெரிந்தபிறகு மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம். பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பெரியவர்கள் தனியாக இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.