டோப்போஷீட்டா, செல்போன் மேப்பா, குளோபா: புவியியலை எதில் தொடங்கலாம்?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் புவியியல் உள்ள பிரிவை எடுத்திருக்கிறாள். பள்ளி திறந்த வாரமே அக்கா போன் செய்து, "இவளுக்கு ஒரு நல்ல குளோப் வாங்கிக் குடுடா தம்பி" என்றாள். கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பினேன். அதற்குப் பதிலாக 1:50,000 அளவையில் இரண்டு டோப்போஷீட்களை, அதாவது மேடுபள்ளம், நீர்நிலை, ரோடு, ஊர் எல்லாம் அளந்து வரைந்த நில வரைபடத் தாள்களை, அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

குளோப் வேண்டாத பொருள் இல்லை. இரவு பகல், 23½ பாகைச் சாய்வு, பருவங்கள் இதையெல்லாம் உருண்டையைச் சுற்றிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். நம் நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்து, கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னால் இருப்பதையும் அதில்தான் தெளிவாகக் காட்ட முடியும். ஆனால் அதற்குப் பிறகு குளோப் அலமாரிக்குப் போய்விடுகிறது. அவள் ஊர் அதில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

செல்போன் மேப் எல்லார் கையிலும் இருக்கிறது. அதன் செயற்கைக்கோள் படத்தில் தன் வீட்டு மாடியைப் பார்க்கிற ஆர்வத்துக்கு ஈடே இல்லை. புதிதாகப் போட்ட ரோடு, புதிய மனைப்பிரிவு எல்லாம் அதில் வந்துவிடும். டோப்போஷீட் இந்த விஷயத்தில் பின்தங்கியதுதான். ஒருமுறை அளந்து வரைந்த தாள் அடுத்த திருத்தம் வரும்வரை அப்படியேதான் இருக்கும்.

அப்படியிருந்தும் டோப்போஷீட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் சரிவு. மேலிருந்து எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் தட்டையாகிவிடுகின்றன. டோப்போஷீட்டில் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் இருக்கின்றன, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். 1:50,000 தாளில் கோட்டுக்குக் கோடு பொதுவாக 20 மீட்டர் உயரம். ஐந்தாவது கோடு தடிப்பாக இருக்கும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று. தரையில் 1 கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டர்.

கொடைக்கானல் தாளை விரித்து வைத்திருந்தபோது அவள் கேட்டாள்: "நேரா ஏறிப் போனா சீக்கிரம் போயிடலாமே மாமா, ரோடு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" பதில் சொல்லாமல் ஸ்கேலைக் கொடுத்தேன். செங்குத்தான ஓரிடத்தில் இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர். அதாவது தரையில் 200 மீட்டர் நகர்ந்தால் 100 மீட்டர் ஏற வேண்டும். பஸ் அதில் ஏறாது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், அதே 100 மீட்டர் ஏற 2 கிலோமீட்டர் ரோடு வேண்டும், தாளில் 4 சென்டிமீட்டர். நாலு மில்லிமீட்டர் இடத்துக்குள் நாலு சென்டிமீட்டர் ரோட்டை எப்படி வைப்பது? பென்சிலால் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தாள். தானாகவே கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. இயற்கைப் புவியியலும் மானிடப் புவியியலும் அவளுக்கு அதுவரை தனித்தனிப் பாடங்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

செல்போனிலும் டெரைன் என்று ஓர் அடுக்கு இருக்கிறது, அதிலும் சமஉயரக் கோடு தெரியும். ஆனால் இரண்டு விரலால் இழுக்கிற ஒவ்வொரு முறையும் அளவை மாறிவிடுகிறது. ஸ்கேலை வைத்து அளக்கும் பழக்கம் அதில் வராது. கண்ணுக்குத் தூரம் பழக வேண்டுமென்றால் அளவை மாறாத தாள்தான் வேண்டும்.

அப்புறம் எங்கள் பக்கம், சிவகங்கைத் தாள். சமவெளி என்பதால் சமஉயரக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மலைத் தாளில் வந்த தெளிவு இதில் உடனே வராது. ஆனால் பிறை பிறையாகக் கண்மாய்க் கரைகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. கரைக்குப் பக்கத்தில் '3ஆர்' என்பதுபோலச் சின்னதாக எழுதியிருப்பது, சுற்றுத் தரையிலிருந்து கரை 3 மீட்டர் உயரம் என்பதற்கு. எங்கள் பக்கம் தரை தென்கிழக்காகச் சரிகிறது, அதனால் பெரும்பாலும் கரை கிழக்கிலும் தெற்கிலும் இருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் மிச்ச நீர் வழியும் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். கரைக்குக் கீழே மஞ்சளில் வயல், கரையை ஒட்டிச் சிவப்பில் ஊர். கரையின் கசிவில் கிணறு ஊறும் என்பதை அவளிடம் சொன்னேன். குழுமிய குடியிருப்பு என்று பாடத்தில் மனப்பாடம் செய்தது ஏன் அங்கே குழுமியது என்பது அதற்குப் பிறகு கேள்வியாகவே இல்லை. அதே இடத்தைக் கோடையில் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சீமைக் கருவேலம் மண்டிய பொட்டல்தான்.

பழைய தாள் என்பதும் சில சமயம் உதவுகிறது. தாளில் நீர்நிலை, போனில் அதே இடத்தில் வீடுகள் என்று வந்தால், நகரமயமாதலை வேறெங்கும் தேட வேண்டாம். சென்னையில் தியாகராய நகரே 1920களில் நீள ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான்.

எடுக்க நினைப்பவர்களுக்கு: பொதுப் பயன்பாட்டுக்கான தாள்களை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து பிடிஎஃபாக இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறையில் 58 என்ற எண் அட்சம் 4 பாகை, தீர்க்கம் 4 பாகை உள்ள பரப்பு. அதை ஏ (A) முதல் பி (P) வரை 16 ஆகப் பிரிப்பார்கள். அதில் கொடைக்கானல் 58 எஃப்-இல் வரும், சிவகங்கை 58 கே-இல். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் 15 நிமிடத் தாள்கள் 16. புதிய வரிசையில் எண் வேறு, அதனால் ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவது சுலபம்.

அச்சில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தாள் ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் சதுரம். முதல் தடவை கடையில் ஏ3-இல் சுருக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், 2 சென்டிமீட்டர் கணக்கெல்லாம் தப்பாக வந்தது. ஏ1 தாளில், சுருக்காமல் நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வாங்கியதும் அடியில் உள்ள அளவைக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள்.

நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்கு. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒரு தாளைச் சுற்றி இப்படிச் செய்ய முடியுமா என்பதை ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை என்றால் நானும் குளோபில்தான் தொடங்குவேன். இவளுக்கு அடுத்தது ராமேசுவரம் தாள் வேண்டுமாம், மணல் திட்டுகளைப் பார்க்க.