சின்னக் கிண்ணப் பூஞ்சை: பச்சையாகப் பார்ப்பதா, காய வைத்துப் பார்ப்பதா?

மக்கிய கட்டையில் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் முளைக்கும் கிண்ணப் பூஞ்சை எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஓரத்தில் இமைமயிர் போல முடி வைத்த சிவப்பு ஸ்குட்டெல்லினியாகூட, படத்தை மட்டும் பார்த்தால் பேரினத்தோடு நின்றுவிடும்.

காய வைத்து உறையில் போட்டு, நேரம் கிடைக்கும்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊற வைத்துப் பார்ப்பது ஒரு வழி. எடுத்த அன்றோ மறுநாளோ வெறும் தண்ணீரில் உயிரோடு பார்ப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டேன், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். காய வைப்பதில் அவசரம் இல்லை, மாதிரி பத்திரமாக இருக்கும், பின்னால் யாரும் சரிபார்க்கலாம். இதெல்லாம் சரிதான்.

ஆனால் செல் செத்துவிட்டால் பாதி அடையாளம் போய்விடுகிறது, என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். மொல்லிசியா என்ற சாம்பல் நிறக் கிண்ணப் பூஞ்சை ஒன்றை பிளேடால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப்பை லேசாக அழுத்திப் பாருங்கள். வித்துப்பைகளுக்கு (வித்துகள் உருவாகும் நுண்ணிய பைகள்) நடுவே நிற்கும் மலட்டு இழைகளுக்குள் நீளமாக, எண்ணெய் போலப் பளபளக்கும் ஒரு பொருள் தெரியும். ஓரத்தில் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் அது காணாமல் போகும், பல இனங்களில் அந்த நேரம் மஞ்சள் கசியும். காய்ந்த மாதிரியில் இந்த இழை வெறும் குழாய். ஓர்பிலியா என்ற இன்னொரு கிண்ணப் பூஞ்சைப் பேரினத்தில் வித்துக்குள் ஒட்டியிருக்கும் குட்டி மணியும் இப்படித்தான், உயிரோடு இருந்தால்தான் ஒழுங்காகத் தெரியும், அதன் வடிவம் தெரியாமல் இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் குருட்டு யூகம். அளவிலும் சிக்கல் உண்டு: வித்துப்பை செத்ததும் சுருங்கிவிடும். பூஞ்சை ஆய்வாளர் பரால் 1992-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார், ஆனாலும் பழைய விவரணைகளில் இருக்கும் அளவு எந்த நிலையில் எடுத்தது என்று பார்க்காமலே பலர் ஒப்பிடுகிறார்கள்.

வித்துப்பையின் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் அயோடின் சோதனைக்கு, மெல்சர் கரைசலைவிட லூகோல் கரைசல் என் தேர்வு. இரண்டிலும் அயோடின்தான் இருக்கிறது. சில இனங்களில் பையின் நுனி லூகோலில் சிவக்கும், மெல்சரில் அந்தச் சிவப்பு அமுங்கி, எதிர்வினையே இல்லாதது போலக் காட்டும். முன்பே ஹைட்ராக்சைடு போட்டிருந்தால் அதே நுனி நீலமாகிவிடும், அப்புறம் இயல்பிலேயே நீலமாகும் இனத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது. அதனால் தண்ணீர் முதலில், லூகோல் அடுத்தது, ஹைட்ராக்சைடு கடைசியில்.

மரத்திலேயே தொங்கும் காய்ந்த கிளைகளில் வளரும் சில இனங்கள் வறட்சி தாங்குபவை, மாதங்கள் கழித்தும் நனைத்தால் உயிர்க்கும் என்பதால் அங்கே என் வாதம் அவ்வளவு செல்லாது. அந்த வகைகளை நான் அதிகம் கையாண்டதும் இல்லை. டிஎன்ஏ பக்கமும் அனுபவம் குறைவு, ஆனால் அதற்குக் காய்ந்த மாதிரி உதவும். எனவே பார்த்து முடித்ததும் மிச்சத்தைக் காய வையுங்கள். அதுவரை கட்டைத் துண்டோடு சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், ரொம்ப ஈரமாக மூடினால் பூசணம் முந்திக்கொள்ளும்.