காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ்: கழித்தல் கணக்குக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ இன்ஜினியரிங் சேரும் பிள்ளைக்கு இந்த இரண்டு வரித் திரை கால்குலேட்டர் போதுமா, மாங்காய் மண்டிக் கணக்குக்கும் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சைன், காஸ் எல்லாம் இருக்கட்டும். கழித்தலை மட்டும் பார்ப்போம். தடுமாற்றம் அங்கேதான் அதிகம்.

தசம எண்களில் குறையே இல்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி. நீர்மட்டம் 49.65 அடி என்றால் நிரம்ப இன்னும் எவ்வளவு வேண்டும்? தாளில் போடும் பிள்ளைகள் 52-ஐ 52.00 என்று எழுத மறந்து, .65-ஐ அப்படியே கீழே இறக்கி 3.65 என்பார்கள். கருவி புள்ளியைத் தானே நேராக வைத்து 2.35 தரும். ஆனால் 0.015 − 0.01 போட்டால் 0.005 வராமல், 5-உம் பக்கத்தில் 10-இன் அடுக்கு −03-உம் வரும். பழுது இல்லை, அதுவும் 0.005தான். வாங்கும்போது இருக்கும் நார்ம் 1 அமைப்பு, 0.01-க்குக் கீழான விடைகளை அப்படித்தான் காட்டும். மோட் விசையை ‘பிக்ஸ், சை, நார்ம்’ வரும்வரை அழுத்தி 3, பிறகு 2 கொடுத்தால் சரியாகிவிடும்.

பின்னம்தான் இதன் பலம். 3¼ − 1⅔ போட: 3, ஏபி/சி என்ற பின்ன விசை, 1, ஏபி/சி, 4, கழித்தல், 1, ஏபி/சி, 2, ஏபி/சி, 3, சமக்குறி. விடை 1⌟7⌟12, அதாவது 1 7/12. கையால் போடும்போது மீ.சி.ம 12 எடுத்து, 3/12-இலிருந்து 8/12 போகாததால் முழு எண்ணில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். அந்த ஒன்று இங்கே 12/12. பழக்கதோஷத்தில் 10 என்று கூட்டினால் 1 5/12 என்ற தப்பு விடை வரும். கருவியில் ஷிப்ட் அழுத்தி ஏபி/சி விசையைத் தட்டினால் 1 7/12 என்ற விடை 19/12 ஆக மாறும். பின்னத்தோடு ஒரு தசம எண்ணைக் கலந்தால் விடையும் தசமம்தான். முழு எண், தொகுதி, பகுதி, நடுவே வரும் குறிகள் எல்லாம் சேர்ந்து 10 இடத்தைத் தாண்டினாலும் அப்படியே.

நேரத்துக்குப் பாகை-நிமிட-விநாடி விசை. தருமபுரியில் 8.45-க்கு ஏறி சேலத்தில் 10.20-க்கு இறங்கினால் பயணம் எவ்வளவு நேரம்? சாதாரணமாக 10.20 − 8.45 போட்டால் 1.75; அது நேரமே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் பாகை விசையை அழுத்தினால் 1 மணி 35 நிமிடம் என்று சரியாக வரும். பகல் 12-ஐத் தாண்டும் பயணத்தில் 1.15-ஐ 13.15 என்று நாம்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 1.15 − 10.40 என்பது −9 மணி 25 நிமிடம் ஆகிவிடும்.

குறை எண்களில்தான் கவனம் வேண்டும். −3 − (−7) போட, முதல் −3-க்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தல் விசையையே அழுத்துங்கள். முந்தைய கணக்கின் விடை திரையில் இருக்கும்போது சாதாரணக் கழித்தல் விசையைத் தட்டினால், ‘முந்தைய விடையிலிருந்து 3 கழி’ என்று அது எடுத்துக்கொள்ளும். முந்தைய விடை 20 என்றால் 4 வர வேண்டிய இடத்தில் 24 நிற்கும்.

மண்டியிலும் இதே வம்புதான். மாங்காயோடு 21.4 கிலோ நிற்கும் பெட்டியில் காலிப் பெட்டி எடை 1.85 போனால் 19.55. மொத்த எடையைத் தட்டாமல், முந்தைய கூட்டலின் விடை மேலேயே கழித்தல் 1.85 போட்டிருந்தால், சமக்குறியை இன்னொரு முறை தட்டும்போது இன்னொரு 1.85 போய்விடும். அவசரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறவர்கள் மேல்வரியில் ‘ஆன்ஸ்’ (முந்தைய விடை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

3500-இல் 25 சதவீதத் தள்ளுபடிக்கு 3500 × 25 ஷிப்ட் சதவீதம், பிறகு கழித்தல்: 2625. வரிசை விநோதம்தான், பழகிவிடும்.

தேதிக் கழித்தல் இதில் கிடையாது. தருமபுரி மாவட்டம் பிறந்தது 2-10-1965, கிருஷ்ணகிரி பிரிந்தது 9-2-2004. ஆண்டை மட்டும் கழித்தால் 39. உண்மையில் 38 ஆண்டு, 4 மாதம், 7 நாள். 2-ஆம் மாதத்திலிருந்து 10 போகாததால் ஓர் ஆண்டைக் கடன் வாங்கி 12 மாதமாக்க வேண்டும். பாகை விசைக்கு 60-தான் தெரியும், 12 தெரியாது. இரும எண் கழித்தலும் இதில் இல்லை. அது வேண்டுமென்றால் 991எம்எஸ் வாங்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கென்றால் இரண்டுமே வேண்டாம், பொதுத்தேர்வு அறைக்குள் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை.