வெந்நீர் ஹீட்டரை எப்போது போடுவது? ஒன்பது ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் வீட்டைச் சூடாக்கும் கருவி யாருக்கும் தேவைப்படாது. ஆனால் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கே வந்துவிடும். செம்பவாங்கில் நாலறை வீடு, பதினோராவது மாடி. கணவர், மகன், மாமியார், நான். 2016 கடைசியில் குடிவந்தபோது பெரிய படுக்கையறைக் குளியலறையில் 25 லிட்டர் டேங்க் ஹீட்டரும், சமையலறைப் பக்கத்துக் குளியலறையில் இன்ஸ்டன்ட் ஹீட்டரும் மாட்டினோம்.

முதல் ஆண்டு ஹீட்டரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. மகனுக்கு மட்டும் போடுவேன். மற்றவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான். 2018 ஜனவரியில் மழை விடாமல் பெய்து, பல நாட்கள் வெப்பம் 21, 22 டிகிரி வரை இறங்கியது. அந்த வாரத்தில் ஒரு நாள் அத்தை குளித்துவிட்டு வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் மடங்கவில்லை, காப்பித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. “ஏன் அத்தை ஹீட்டர் போடல?” என்று கேட்டேன். “எனக்கு ஒருத்திக்காக எதுக்கும்மா, பில் ஏறும்” என்றார். முன்பு மின்சாரமும் பியூபி என்கிற பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையில் இருந்ததால், இங்கே பழைய ஆட்களுக்குக் கரண்டு பில் இன்னமும் ‘பியூபி பில்’தான். அதை நினைத்தே பாதி ஆசைகளை அடக்கிக்கொள்வார்கள்.

அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் போதும். முப்பது காசுக்குள் அடங்கிவிடும். ஒரு தேத்தண்ணி விலைகூட இல்லை. எங்கள் டேங்க் 3 கிலோவாட் என்பதால் இருபது நிமிடத்தில் சூடாகிவிடும். அந்த 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் அறுபது லிட்டர் வரை கிடைக்கும். இரண்டு பேர் நிதானமாகக் குளிக்கலாம்.

காசு போவது வேறு இடத்தில். ஒரு மாதம் சோம்பலில் சுவிட்சை அணைக்காமலே விட்டிருந்தோம். யாரும் குளிக்காத நேரத்திலும் டேங்க் மெல்ல ஆறும், திரும்பச் சூடேறும். அந்த மாதம் பில்லில் ஏழெட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடிவிட்டது. அதிலிருந்து குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போடுவோம், உள்ளே போகும்போது அணைத்துவிடுவோம். சுவிட்ச் வெளியே இருப்பதால் அதன் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், மறக்காது.

சரி, எந்த நாளில் போடுவது? நான் கற்றுக்கொள்ள நாளானது இதுதான்: வெளியே வீசும் காற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. எங்கள் புளோக்கில் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. காற்று குளிர்ந்த அளவுக்குத் தொட்டித் தண்ணீர் உடனே குளிராது. மழை தொடங்கிய முதல் நாள் மாலை உடம்பு சிலிர்க்கும், ஆனால் குழாய்த் தண்ணீர் இதமாகவே இருக்கும். மூன்றாம் நாள் காலையில்தான் சுரீர் என்று இறங்கும். அதேபோல் மழை நின்று வெயில் அடித்தாலும் முதல் நாள் காலையில் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாள் வெயில் இல்லை என்றால் மூன்றாம் நாள் காலை கேள்வியே கேட்காமல் போட்டுவிடுவேன். டிசம்பர், ஜனவரியில் இது அடிக்கடி நடக்கும். பிப்ரவரியில் காற்று சிலுசிலுவென்று வீசினாலும் வானம் தெளிந்திருந்தால் மதியம் குளிப்பவர்களுக்குத் தேவைப்படாது. மே மாதத்தில் மதியக் குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரிதான் வரும்.

அத்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவருக்கு இப்போது 74 வயது. “போடட்டுமா அத்தை?” என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். “தண்ணி காஞ்சிருச்சு அத்தை, வாங்க” என்று சொல்லிவிடுவேன், மறுபேச்சு இல்லாமல் போய்க் குளிப்பார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஆனால் ஒன்று, 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே தோலை வேகவைத்துவிடும், வயதானவர்களுக்குச் சூடு உறைக்கவும் நேரமாகும். முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்து, அப்புறம் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அதற்குப் பயந்து டேங்கின் சூட்டையே 45க்குக் குறைத்து வைப்பதும் நல்லதல்ல. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். 60 டிகிரியில் அது பிழைக்காது.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். காத்திருக்க வேண்டாம், இடம் அடைக்காது. சாதாரண நாளில் குறையே இல்லை. ஆனால் அதுவும் 3 கிலோவாட்தான். நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரி ஏற்றும், 6 லிட்டர் விட்டால் அதில் பாதி. அடைமழைக் காலத்தில் குழாயைக் குறைத்துத் திறந்தால்தான் சூடு வரும். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்ற அந்த மெல்லிய தாரை போதாது. தீபாவளிக் காலையில் எல்லாரும் டேங்க் இருக்கும் குளியலறைக்குத்தான் வரிசையில் நிற்போம், அன்றைக்கு மட்டும் ஐந்து மணியிலிருந்து அணைப்பதில்லை.

டேங்க் எட்டாவது ஆண்டில் அடியில் கசிந்தது. உள்ளே துருப்பிடிக்காமல் காக்க ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்குக்குப் பதிலாக அது கரைந்துபோகும். எங்களுடையது முழுக்கக் கரைந்து எத்தனை காலமோ. மாட்டியவர் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றியிருந்தால் டேங்க் இன்னும் உழைத்திருக்கும். புதிதாக மீண்டும் 25 லிட்டரே வாங்கினோம். டேங்க் ஹீட்டரை உரிமம் பெற்ற பிளம்பர்தான் மாட்ட வேண்டும், அவரிடம் கம்பியைக் காட்டச் சொல்லிக் கேட்டு, மாட்டிய தேதியை டேங்கின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.