ஸ்வாம் சாக்ஸபோன்கள்: மூச்சைக் கேட்கும் மென்பொருள்

மிடி வழியாக, அதாவது கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மின்னணுச் செய்திகளின் வழியாக, இசை அமைப்பவர்களிடம் எந்தக் கருவி அதிகமாகச் சோதிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சாக்ஸபோன் என்றே சொல்வார்கள். பியானோவும் தாளக் கருவிகளும் மென்பொருளில் இப்போது யாரையும் உறுத்துவதில்லை. நரம்பிசைக் குழுவையும் பின்னணியில் வைத்துச் சமாளித்துவிடலாம். சாக்ஸபோன் தனியாக நான்கு சுரங்களைப் பாடியவுடனேயே அது கீபோர்டில் வாசிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. 1994இல் வெளிவந்த டூயட் படத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுகளை இந்த விஷயத்தில் ஏமாற்றுவது இன்னும் கடினம். அந்தக் காதுகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான், இத்தாலியைச் சேர்ந்த ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் சாக்ஸபோன்களை இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில், உண்மையான கருவியின் சுரங்களைப் பதிவு செய்து ஒலிக்கவிடும் சாம்பிள் தொகுப்புகள் எங்கே தடுமாறுகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாக்ஸபோனில் மூச்சின் அழுத்தம் கூடும்போது ஒலி பெருகுவதோடு நிற்பதில்லை; நாணல் தகடு அதிரும் விதமே மாறி, மேல் அதிர்வெண்கள் பெருகி, ஒலியின் நிறமும் கூர்மையாகிறது. மெல்ல ஊதிய சுரமும் பலமாக ஊதிய சுரமும் ஏறக்குறைய இரண்டு வேறு குரல்கள். சாம்பிள் தொகுப்பு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஒன்றை மங்கவிட்டு மற்றதை எழவிடுகிறது. ஒரே சுரம் மெதுவாக வளரும் இடத்தில் இரண்டு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல ஒலிக்கிறது. சுருதி சற்றே அசையும் விப்ராட்டோ என்ற அதிர்வு பதிவிலேயே கலந்திருந்தால் அது எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் இடைவெளிதான் சாக்ஸபோனின் உயிர். அதைப் பதிவுகளை ஒட்டவைத்துப் பெறுவது எப்போதும் அரைகுறையாகவே முடிகிறது.

ஸ்வாம் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. சுரங்களின் பதிவுகளை எடுத்து ஒலிக்கவிடாமல், கருவிக்குள் காற்றும் நாணலும் குழலும் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கிட்டு, அந்தந்த நொடியில் ஒலியை உருவாக்குகிறது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என நான்கு சாக்ஸபோன்களும் இதில் உள்ளன. பெரிய சாம்பிள் தொகுப்புகளைப் போல வன்தட்டில் ஜிகாபைட் கணக்கில் இடம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகக் கணினியின் செயலிக்கு வேலை கொடுக்கிறது.

இதைத் திறந்து கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்தும் புதியவர் முதலில் திகைக்கக்கூடும். ஏனென்றால், சிசி 11 என்ற எக்ஸ்பிரஷன் செய்தி, அதாவது எவ்வளவு பலமாக ஊதுவது என்று சொல்லும் மிடி கட்டுப்பாட்டுச் செய்தி, வரும்வரை இந்தக் கருவி வாய் திறப்பதில்லை. இதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. என் மதிப்பீட்டில் இந்த மென்பொருளின் மிகச் சிறந்த முடிவு இதுவே. மூச்சு இல்லாமல் சாக்ஸபோன் ஒலிக்காது என்பதை வாசிப்பவருக்கு முதல் நொடியிலேயே உணர்த்திவிடுகிறது. சிசி 7 என்ற ஒலி அளவையும் சிசி 11 என்ற எக்ஸ்பிரஷனையும் ஒன்றாக நினைத்துப் பழகியவர்கள் இங்கே வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்கலாம்: முதலாவது பொத்தானைத் திருகி ஒலியைக் கூட்டுவது, இரண்டாவது நெஞ்சிலிருந்து காற்றைக் கூட்டுவது.

எக்ஸ்பிரஷனை எதனால் செலுத்துவது என்பதில்தான் விளைவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சுட்டெலியால் வளைகோடு வரைந்தால் ஒலி வரும். ஆனால் அந்தக் கோடு மிகச் சீராக இருப்பதால் வாசிப்பு மெழுகுபோலாகிவிடும். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் மாடுலேஷன் சக்கரம் அதைவிட நல்லது. காலால் இயக்கும் எக்ஸ்பிரஷன் மிதி இரண்டு கைகளையும் விடுவிக்கிறது, ஆனால் சுரத்தின் தொடக்கத்தை வெட்டித் தருவதற்குக் கால் போதிய வேகமாக அசைவதில்லை. வாயில் வைத்து ஊதும் மூச்சுக் கட்டுப்பாட்டுக் கருவியோ, விரல் துளைகள் கொண்ட மின்னணுக் காற்றுக் கருவியோ இருந்தால்தான் ஸ்வாம் தன் முழு இயல்பைக் காட்டும். இவை பொதுவாக சிசி 2 வழியாகச் செய்தி அனுப்பும். அதை சிசி 11ஆக மாற்றிக்கொள்வது சில நொடி வேலை. மூச்சுக் கருவியை வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் இந்த மென்பொருளில் பணம் போடுவதற்கு முன் இருமுறை யோசிப்பது நல்லது.

பூஜ்யம் முதல் 127 வரை உள்ள எக்ஸ்பிரஷன் அளவில், சாதாரண வரிகளை 30க்கும் 90க்கும் இடையிலேயே நிறுத்திக்கொண்டு, உச்சமான ஓரிரு சுரங்களுக்கு மட்டும் 110ஐத் தாண்டவிடுவது என் காதுக்குச் சரியாகப்படுகிறது. எப்போதும் உச்சத்தில் ஊதும் கருவிக்கு உணர்ச்சி இராது. நீண்ட சுரத்தின் உச்சம் அதன் தொடக்கத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி வருவதும், வரியின் கடைசிச் சுரம் திடீரென அறுபடாமல் காற்றோடு கரைவதும் மனித வாசிப்பின் அடையாளங்கள். கீபோர்டில் எழுதப்பட்ட சாக்ஸபோன் வரிகளில் மிக அதிகமாகக் காணும் பிழை, மூச்சு வாங்க இடம் விடாததுதான். ஊதுவதை நிறுத்தாமலே மூக்கால் மூச்சு இழுக்கும் வட்ட மூச்சு தெரிந்த கலைஞர்கள் இருக்கிறார்கள் என்றாலும், கேட்பவர் தம்மை அறியாமலே வாசிப்பவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறார். அந்த இடைவெளி கிடைக்காதபோது அவருக்குக் காரணம் புரியாத ஒரு இறுக்கம் ஏற்படுகிறது.

அதிர்வைப் பொறுத்தவரை, சாக்ஸபோன் கலைஞர்கள் அதைப் பெரும்பாலும் தாடையால் உண்டாக்குகிறார்கள். நொடிக்கு ஐந்து முறை அளவில் சுருதி சற்று இறங்கி மீண்டும் தன் இடத்துக்கு வருகிறது. ஸ்வாமில் அதிர்வின் ஆழமும் வேகமும் தனித்தனிக் கட்டுப்பாடுகளாக இருப்பதால், சுரத்தை முதலில் நேராக நிறுத்தி, பிறகு மெல்ல அசைத்து, முடிவில் ஆழப்படுத்தும் பழைய பாணியை அப்படியே செய்ய முடிகிறது. தொண்டையால் முனகிக்கொண்டே ஊதும் கரகரப்பு, காற்றின் இரைச்சல், விசைகள் மூடித் திறக்கும் ஓசை ஆகியவற்றுக்கும் அளவுகள் உள்ளன. விசை ஓசையையும் காற்று இரைச்சலையும் முற்றிலும் அணைத்துவிடுவதைவிட, தனியாகக் கேட்டால் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவில் வைப்பது மேல். மற்ற கருவிகளோடு சேரும்போது அது சரியாக அமர்ந்துவிடுகிறது.

சென்னை இசையமைப்பாளருக்கு இந்த மென்பொருளில் மிக முக்கியமான பகுதி, சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால், அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடியபடியேதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. சாம்பிள் தொகுப்பில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டால் இதைச் செய்தால், ஒரே பதிவை மேலும் கீழும் இழுப்பதால் சுருதியோடு குழலின் அளவும் மாறுவதுபோல் கேட்கும்; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாரு நீளமானால் கேலிச்சித்திரக் குரலாகிவிடும். ஸ்வாமில் ஒவ்வொரு நிலையிலும் ஒலி புதிதாகக் கணக்கிடப்படுவதால் அந்த இழுவை கேட்பதில்லை. பிட்ச் பெண்டுக்கு வழக்கமாக அமைந்திருக்கும், மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்ற எல்லை தோடியின் காந்தாரத்துக்கே விளிம்புவரை செலவாகிவிடும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் ஜாருவுக்கு ஏழு வேண்டும். எனவே எல்லையைப் பன்னிரண்டாக அமைப்பதே பொருத்தம். பிட்ச் பெண்ட் செய்தி 16,384 படிகள் கொண்டது என்பதால், அந்த எல்லையிலும் ஒரு படி, அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கான சென்ட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். நுணுக்கம் குறைந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. கமகத்தின் ஒவ்வொரு அசைவிலும் மூச்சும் சற்றே அழுந்தித் தளர வேண்டும். சுருதி மட்டும் அசைந்து மூச்சு அசையாமல் நின்றால், ராகம் சரியாக இருந்தும் பாடுகிற தன்மை வருவதில்லை. இதற்குக் கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிப் பதிவுகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரு சங்கதியை வரிவரியாகப் பிரதி எடுப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒலியின் நிறத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணக்கிட்டு உருவாக்கும் எந்த முறையிலும், அசைவில் கிடைக்கும் உயிர்ப்பு அளவுக்கு, நின்று ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தின் மரமும் பித்தளையும் கலந்த செழுமை கிடைப்பதில்லை. நல்ல அறையில் நல்ல ஒலிவாங்கியால் பதிவு செய்த சாம்பிள், ஒரே சுரத்தை நிறுத்திக் கேட்கும்போது முந்திக்கொள்கிறது. வரியாக வாசிக்கும்போது ஸ்வாம் முந்திக்கொள்கிறது. ஒலி உலர்ந்து வருவதால், அதற்கு ஓர் அறையைக் கொடுப்பது நம் பொறுப்பு. பெரிய மண்டபத்தின் எதிரொலிக்கு முன், ஒரு சிறு அறையின் குறுகிய எதிரொலியைச் சேர்த்தால் கருவி காதோடு ஒட்டாமல் ஒரு தூரத்தில் நிற்கிறது. இரண்டு முதல் நான்கு கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே இறக்கினால் உறுத்தல் அடங்கும்.

ஏற்கெனவே சாம்பிள் தொகுப்பு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூச்சு வளைகோடு, மூச்சு இடைவெளி, தாமதமாகத் தொடங்கும் அதிர்வு ஆகிய மூன்றையும் அங்கும் கடைப்பிடிக்கலாம். சுரங்களை இடைவெளியின்றித் தொடுக்கும் இணைப்பு வாசிப்புக்கு (லெகாட்டோ) அவற்றைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியவிட வேண்டும். கருவியின் எல்லையையும் மீறக்கூடாது. ஆல்ட்டோவின் வழக்கமான எல்லை ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயிதான். குழுவாக ஒலிக்கும் ஊதுகருவிப் பகுதிகளுக்குச் சாம்பிள்களே போதும்.

தனி வாசிப்பு பாடலின் மையமாக இருந்து, தயாரிப்பில் பணமும் இருந்தால், இந்த ஊரில் சாக்ஸபோன் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களையே அழைக்க வேண்டும். பாடலின் முன்மாதிரி வடிவம் (டெமோ), குறும்படம், விளம்பரம், வண்டிச் சத்தம் ஓயாத தெருவில் ஒலிவாங்கியைத் திறக்கவே முடியாத வீட்டு அறை ஆகியவற்றுக்கு ஸ்வாம் தகுதியான தேர்வு. மேசைக் கணினிப் பதிப்பின் விலை நம் நாணயத்தில் கனமாகத் தெரியும் என்பதால், ஐபேட் வைத்திருப்பவர்கள் அதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் ஐபேட் பதிப்பில் ஆல்ட்டோவை மட்டும் வாங்கி, தங்கள் கைக்கும் மூச்சுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மற்ற மூன்றையும் பற்றி முடிவு செய்யலாம்.